அழைக்க இங்கே அழுத்தவும்

“அண்ணே, பாத்து, அந்தக் கல்லு…” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டைல்ஸ் மேஸ்திரி அதைத் தாண்டிவிட்டார். வாசலிலிருந்து மூன்றாவது கல். அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது போட்ட தரை அது. புதிதாக வருகிற யாரும் அந்தக் கல்லில் தடுக்காமல் உள்ளே வந்ததில்லை. போன வருடம் அம்மாவே அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

தொழில்காரர் கண் என்றால் சும்மாவா என்று நினைத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீட்டின் முன்னறைதான் அவள் ஆபீஸ். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறாள்.

மேஸ்திரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். விரலிடுக்கெல்லாம் சிமெண்ட் வெளுப்பு. மருமகன் எழுதித் தந்த தாளை நீட்டியவர், அதன் பிறகு தலையைத் தூக்கவே இல்லை.

“மாப்பிள்ளைதாம்மா புடிச்சுத் தள்ளிவிட்டாரு. இப்பல்லாம் ஜனங்க போன்ல தேடித்தான் ஆளைக் கூப்பிடுதாம். மூணு மாசமா நான் கரண்டியத் தொடல. தளம் போடுறவருக்கே ஒரு தளம் இல்லேன்னா எப்படி மாமாங்கிறாரு.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தாளைப் பார்த்து விவரங்களை ஏற்றினாள். மேஸ்திரி போட்ட தரைகளின் படங்களைச் சேர்த்தாள். தன் பங்குக்கு நாலு வரி எழுதி, கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “கொஞ்சம் படிச்சுப் பாருங்கண்ணே.”

அவர் திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். “இரு…பது வருட அனு…பவம். ஒரு குறை… கூட…” அங்கேயே நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்த் துளிர்த்தது.

“நாப்பது வயசுக்கு மேலதாம்மா எழுத்தே படிச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. உழைத்து ஓய்ந்த மனுஷனை உட்கார வைத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசிக்க விட்டோமே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“விடுங்கண்ணே, நானே படிக்கிறேன். ‘இருபது வருட அனுபவம். ஒரு குறை கூட வந்ததில்லை.’”

“அந்த ரெண்டாவது வரிய எடுத்துடும்மா.”

“ஏண்ணே? எல்லாரும் போடுறதுதான்.”

“எடுத்துடும்மா.”

எடுத்தாள்.

“அந்த போன் நம்பரைப் போடாம விட முடியுமாம்மா?”

“நல்ல கதையா இருக்கே! நம்பர் இல்லாம உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?” சொன்ன பிறகுதான் உறைத்தது. படிப்பு குறைந்தவர், ஏதோ தெரியாமல் கேட்கிறார். அதற்குள் வாத்தியாரம்மா மாதிரி அதட்டியாயிற்று. அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“இந்த பட்டன் வேலை செய்யுதான்னு பாத்துட்டா முடிஞ்சுதுண்ணே.” அவள் போனில் சார்ஜ் இல்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “அம்மா, உன் போனைக் கொண்டா!”

மேஸ்திரி எழுந்துவிட்டார். “இருக்கட்டும்மா. நான் இன்னொரு நாள் வர்றேன்.”

“ரெண்டே நிமிஷம்ணே.”

அம்மா போனை இடது கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். வலது கையில் இன்னும் பலம் வரவில்லை. மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே என்னவோ பார்க்கத் தொடங்கினார்.

“யாருடி, புதுசா?”

“டைல்ஸ் மேஸ்திரிம்மா. நம்ம வாசக் கல்லை இவர்கிட்டயே காட்டலாம்.”

“ஆமா, போட்டவனே திரும்பிப் பாக்கல. இவர்தான் வந்து பேத்துப் போடப்போறாரா?”

“சும்மா இரும்மா!” என்று பல்லைக் கடித்தாள். வந்தவர் எதிரில் இப்படியா பேசுவது!

அம்மாவின் போனில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பால்காரர் ‘தண்ணி’. எதிர்வீட்டு அம்மா ‘ரேடியோ’. பெற்ற மகள் ‘சோம்பேறி’. அந்தப் போனில் மேஸ்திரியின் பக்கத்தைத் திறந்து, ‘அழைக்க இங்கே அழுத்தவும்’ என்ற பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

மேஸ்திரியின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் கை பைக்குள் போகாமல், மேலேயே பொத்திக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களாண்ணே, அடிக்குது!” என்று சந்தோஷமாய்ச் சொன்னவள் திரையைப் பார்த்தாள். அதில் ஒரு பெயர் வந்திருந்தது. “என்னம்மா இது… ‘எடுக்காத மேஸ்திரி’ன்னு வருது?”

அம்மா கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, ஜன்னலோரம் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள். மூன்றாவது கல்லைப் பார்த்தாள். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னைக்காவது எடுக்கச் சொல்லுடி.”