லைட் இல்லாத சைக்கிள்

பிரசவ வார்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற இராசநாயகத்தின் காதில் மனைவி அருந்ததியின் முனகல் விழுகிறது. மருத்துவிச்சி இரத்தினம்மா எட்டிப் பார்க்கிறாள். “தலை இறங்கித்தான் கிடக்கு. பொறுத்தால் தானாய்ப் பிறக்கும். டொக்டர் ஐயா நாலு மணிக்கு வயித்தைக் கீறி எடுக்கப்போறாராம்.” “ஏனக்கா?” “சண்டையாலை காருக்குப் பெற்றோல் இல்லை, சைக்கிளுக்கு லைட் இல்லை. இருட்டமுதல் தொண்டைமானாறு வீட்டுக்குப் போகவேணுமெல்லே. மற்ற டொக்டர் இஞ்சை குவாட்டர்ஸிலைதான் இருக்கிறார். அவரின்ரை நாளிலை கத்தி துருப்பிடிக்குது.” இராசநாயகம் வேப்பமரத்தடிக்கு நடக்கிறான். மூன்றரை மணி வெயிலில் ஹாண்டில் பளபளக்க, டொக்டரின் சைக்கிள் பெரிய மனிதரைப்போல் நிற்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிகிறான். பின்சில்லுக்கு அப்பால் ஏற்கெனவே ஒருவன் குந்தியிருக்கிறான். அடுத்த கட்டிலில் அதே கத்திக்குக் காத்திருக்கும் யோசப்பினின் புருஷன் பிலிப்பு. கையில் வால்வு மூடி. “வாங்கோ அண்ணை, முன்சில்லு உங்களுக்கு. பம்பை நான் ஒளிச்சுப்போட்டன்.” இரண்டு பக்கமும் காற்று சீறுகிறது. சைக்கிள் மெல்ல மெல்லப் பணிகிறது. ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்த இரத்தினம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே திரும்புகிறாள். அவள் குரல் வேப்பமரம்வரை கேட்கிறது. “இனி அவசரமில்லைப் பிள்ளையள். ஆறுதலாய் மூச்சை விடுங்கோ.”