வழுக்கை டயர்

தான் வேலைக்குப் போய்வரும் ஒரகடம் கம்பெனி பஸ்ஸின் பின் டயர்கள் வழுக்கையாகிவிட்டன என்று, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் வலைப்பூவில் எழுதினாள் பாண்டிச்செல்வி. கம்பெனிக்கு பஸ்ஸை வாடகைக்கு விட்டிருந்த முதலாளி மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

"பேசாம அழிச்சிருடி" என்றாள் அறைத்தோழி அன்னக்கிளி.

"உள்ளதத்தான எழுதுனேன்? அழிக்க மாட்டேன்."

மாலையில் அந்த பஸ்ஸின் டிரைவர் கன்னியப்பன் வாசலில் வந்து நின்றார்.

"நீ எழுதினது பொய்னு சாட்சி சொல்ல, மொதலாளி என்னை வக்கீலாண்ட இட்டுக்கினு போனாரும்மா."

பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்தாள். "என்ன சொன்னீங்கண்ணே?"

"நீ எழுதினது தப்புன்னேன்."

"அண்ணே!"

"பின்ன இன்னா? பின் டயர் மட்டுமா வழுக்கை? முன் டயரும்தான்னு சொன்னேன். கேஸ் நிக்காதுன்னுட்டாரு வக்கீலு. எல்லா டயரையும் மாத்த மொதலாளி ஒத்துக்கினாரு. நீ அந்தத் தப்பை மட்டும் திருத்திடும்மா!"