மாண்டரினில் ஒரு சிபாரிசு

வேலை தேடி வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே கம்பெனிக்குப் போன் போட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நமக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று வந்தவருக்கு மனம் குளிர்ந்துவிடுமாம். அப்புறம் வேறு ஏஜென்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாராம்.

வலேரி போனை எடுத்தாள்.

எதிரில் லோகேஸ்வரன். சிம்பாங் ரெங்கத்திலிருந்து மாசாய்வரை மோட்டார் சைக்கிளிலேயே வந்திருந்தார். பத்து வருடம் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாராம். தேய்த்துப் போட்ட சட்டை வழியில் பிடித்த மழையில் பாதி நனைந்திருந்தது.

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலைக்கு அவரைப் போலவே ஓர் ஆள் தேவைப்பட்டது. தினமும் அவ்வளவு தூரம் போய் வர முடியுமா என்று கேட்டதற்கு, வேலை கிடைத்தால் பறந்தே போவேன் என்று சிரித்தார்.

அந்த இடத்தை நிரப்ப வேண்டிய அவசரம் வலேரிக்கும் இருந்தது. இரண்டு மாதமாக அவள் டார்கெட்டை எட்டவில்லை. இன்று மாதக் கடைசி. இதையும் கோட்டை விட்டால் அடுத்த மாதம் வேறு ஏதாவது ஏஜென்சியில் அவளும் எதிர் நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

தொழிற்சாலை மேலாளர் அவளை வெய் லி என்றுதான் கூப்பிடுவார். லாரி ஓட்டிய அப்பா, பிள்ளை முன்னேறட்டும் என்று சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டபோது ஆசிரியை வைத்த பெயர் அது. அந்தப் பெயரும் பிசிறில்லாத மாண்டரின் சீனமும்தான் இப்போது அவளுடைய பிழைப்பு. நிலாப் பண்டிகைக்கு வெய் லி பெயரில் அவர் அனுப்பும் மூன்கேக்கை அலுவலகமே பங்கு போட்டுத் தின்னும். நேரில் அவர் அவளைப் பார்த்ததில்லை. பார்க்காதவரை நல்லது.

மாண்டரினில் பேச ஆரம்பித்தால் வலேரியை யாரும் பிடிக்க முடியாது. பத்து வருடத்தில் சரக்கு ஒன்றுகூடக் குறைந்ததில்லை, வெள்ளம் வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் மேல் அடுக்குக்கு ஏற்றியவர், இப்படி ஓர் ஆள் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டார் என்று அடுக்கினாள். எல்லாம் உண்மைதான். லோகேஸ்வரன் முகம் மலர்ந்தது. குரலை வைத்தே புரிந்துகொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

மேலாளருக்கும் திருப்தி. நாளைக்கே நேர்காணலுக்கு வரச் சொல், பெயர் என்ன என்றார்.

சொன்னாள்.

இந்தியர் வேண்டாம் என்று உனக்குத் தெரியாதா வெய் லி என்றார். குடிப்பார்கள், திங்கட்கிழமை வர மாட்டார்கள், எதற்கு வம்பு. நம்ம ஆள் யாராவது இருந்தால் அனுப்பு.

நம்ம ஆள் என்றது அவளையும் சேர்த்துத்தான்.

நானும் இந்தியர்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் இந்த இடம் போகும். அந்தக் கம்பெனியே கையை விட்டுப் போகும்.

வலேரி சிரித்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. தமிழர் முன்னால் மாண்டரின் பேசுவது கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது மாதிரி. ஆமாம், அவர்கள் அப்படித்தான், எங்கள் ஆபீசில் யாரோ தெரியாமல் என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். அவர்களை நம்பி யார் ஸ்டோர் சாவியைக் கொடுப்பார்கள் என்றும் சொன்னாள். தேவையே இல்லாத வார்த்தை. பேச்சு வேகத்தில் வந்துவிட்டது.

லோகேஸ்வரன் தலையைக் குனிந்து, சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் பைலின் பொத்தானை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

ஒரு வருட அனுபவம்கூட இல்லாத சீனப் பையன் ஒருவனைச் சொன்னாள். மேலாளர் உடனே சரி என்றார். நேர்காணல் எதற்கு, திங்கட்கிழமை வேலைக்கே வரட்டும்.

போனை வைத்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஓர் இடம் நிரம்பினால் அலுவலகம் முழுக்கக் கைதட்ட வேண்டும். அதுவும் முதலாளியின் உத்தரவுதான். எல்லோரும் அவள் மேசையைப் பார்த்துத் தட்டினார்கள்.

லோகேஸ்வரனும் தட்டினார்.

தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தட்டுகிறார், பாவம். அவர் கைகள் ஓயும்வரை வலேரி காத்திருந்தாள். பிறகு, அந்த இடத்துக்குக் காலையிலேயே ஆள் எடுத்துவிட்டார்களாம் அண்ணே என்று தமிழில் சொன்னாள். இந்தக் கைதட்டல் வேறொரு விஷயத்துக்கு என்றும் சொன்னாள். அடுத்த இடம் வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் என்றாள்.

அவர் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினார்.

"என் மக சீனப் பள்ளியில நாலாம் ஆண்டும்மா" என்றார். "வீட்டுப்பாடம் சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு, அவகூட உக்காந்து நானும் கத்துக்கிட்டேன்."

வலேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"காலையிலேயே ஆள் எடுத்துட்டாங்கன்னு நீங்க சொன்னதையே அவகிட்ட சொல்லிக்கிறேன்மா. அவ அந்தப் பள்ளியில தொடர்ந்து படிக்கணும்ல."