சுண்ணாம்புக் கோடு

காட்டோடையில் ஒரே ஒரு குழியில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் ஒரு நண்டும் ஒரு தவளையும் குடியிருந்தன.

பக்கத்துப் பாறையில் அணைக்கட்டு ஆட்கள் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அணை கட்டி முடித்தால் தண்ணீர் அதுவரைக்கும் நிற்குமாம்.

தவளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரைக்குத் தாவும், திரும்பக் குழிக்குள் குதிக்கும். "அண்ணே, குழி வத்துது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு இருக்கு. உடம்புல ஈரம் இருக்கும்போதே போயிருவோம், வாங்க."

"போடா அவசரக்குடுக்கை!" என்றது நண்டு. "போன வருசம் கோடு பாறைக்கு இடுப்புல இருந்துச்சு. இப்பக் கழுத்துக்கு வந்திருச்சு. தண்ணி ஏறுற இடத்தை விட்டுட்டு எவனாவது போவானா?"

"கோடுதாண்ணே ஏறுது. தண்ணி என் முட்டிக்குக் கீழ கெடக்கு."

அப்போது ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிகாரிகள் வரைபடத்தை விரித்து வைத்து வாதாடினார்கள். தண்ணீர் கேட்கிற ஊர்கள் கூடிவிட்டனவாம், அணையை இன்னும் உயர்த்த வேண்டுமாம்.

"புதுக் கோடு போடுப்பா," என்றார் ஒருவர்.

வேலையாள் வாளியோடு ஓடைக்குள் இறங்கினார். தவளை ஒரே தாவலில் கரையேறியது. அவர் சிரட்டையால் குழித் தண்ணீரை வழித்து வழித்து வாளியில் ஊற்றி, சுண்ணாம்பைக் கரைத்து, பாறை உச்சியில் பட்டையாகக் கோடு இழுத்தார்.

தவளை மேட்டை நோக்கித் தாவித் தாவிப் போனது. வெறும் சேற்றில் நின்றபடி நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கிக் கத்தியது:

"டேய், ஓடாதடா! பாறையே முங்கிருச்சுடா!"