எருக்குக்கு வந்த விருந்தாளி

நாட்டுச்செடிப் பூங்காவில் எருக்கஞ்செடி ஒன்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்பார்க்க வந்தவர்கள், "இலையெல்லாம் ஒரே ஓட்டை" என்று முகம் சுளித்துப் போனார்கள். எருக்குக்கு மானமே போயிற்று. ஓட்டை இலைகளைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி நுழைந்து, அந்த ஓட்டைகளையே தடவித் தடவிப் பார்த்தது.

"நீயும் கேலி பண்ணத்தான் வந்தியா?" என்றது எருக்கு.

"இல்லம்மா. இதெல்லாம் நான் புழுவா இருந்தப்போ தின்னது. ஒரு வார்த்தை திட்டினதில்ல நீ. வெளியில எருக்கையெல்லாம் வெட்டிட்டாங்க. நல்லவேளை, நீ இருக்கே."

"பசிக்குதா?"

வண்ணத்துப்பூச்சி வெட்கப்பட்டது. "முட்டையிடணும். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தானே வரணும்?"

இன்னும் ஓட்டை விழாத தளிராகப் பார்த்து நீட்டியது எருக்கு.