டிவி மேல் பழி

"தப்பு என் மேல இல்லக்கா. டிவி மேல" என்றான் தம்பி, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு.

வீடியோ கேம் கார் ரேஸில் நேற்று மட்டும் ஒன்பது முறை சுவரில் போய் முட்டிய மகான் அவன். படித்து முடித்து இரண்டு வருடமாக அக்கா வீட்டு சோபாவைத் தேய்த்துக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இது. இதுவும் உருப்படியாக வரவில்லை.

"டிவி என்னப்பா பண்ணுச்சு, பாவம்?" என்றார் அக்காவின் கணவர், பேப்பரை மடித்தபடி.

"உங்களுக்குப் புரியாது மாமா. டிவி படத்துக்கு மெருகேத்திட்டுத்தான் காட்டும். அதுக்குள்ள நான் அழுத்தின பட்டன் லேட்டாயிடும். கேம் மோட் போட்டா மெருகு போயிடும், கார் உடனே திரும்பும்."

"ஓகோ. மெருகுதான் உன்னைச் சுவத்துல முட்ட வைக்குதா?"

அக்கா சிரிக்கவில்லை. டிவிக்குக் கீழே, டிஸ்க் டப்பாவுக்கு அடியில் கிடந்த கவரை உருவினாள். கூரியர் ஆபீசில் கிடைத்த வேலைக்கான கடிதம். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மூன்று நாளாக நம் மகான் அதைத் தொடக்கூட இல்லை.

"ஆளுக்கு ஒரு தடவை ஓட்டுவோம்" என்றாள். "நீ ஜெயிச்சா வேலைங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். தோத்தா நாளைக்கு நீ அந்த ஆபீஸ்ல இருக்கணும்."

"நீயா? என்கூடவா? சரி, அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"டிவியை உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ. ரேஸ் ஆரம்பிச்சதும் ரிமோட் என்கிட்ட வந்துடணும். நடுவுல நோண்டுற வேலையெல்லாம் ஆகாது."

அரை மணி நேரம் நோண்டினான். வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். கேம் மோட் போட்டதும் படம் கொஞ்சம் வெளிறிப் போனது. என்னவோ டிவியையே அவன்தான் கண்டுபிடித்தது போல ரிமோட்டை அக்காவிடம் நீட்டினான்.

அக்கா முதலில் ஓட்டினாள். மளிகை வாங்கப் போகிற வேகம்தான். இரண்டு நிமிடம் பத்து நொடி. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அடுத்து அவன் முறை. வேர்த்த கையால் ஐயா கண்ட்ரோலரைத் தொட மாட்டார்; கை கழுவப் போனார். அவன் வருவதற்குள் அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.

முதல் வளைவிலேயே சுவர். அடுத்த வளைவில் மரம். படம் என்னவோ கல்யாண ஆல்பம் மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. ஓட்டுகிறவன் லட்சணம்தான் சகிக்கவில்லை. மூன்று நிமிடம் ஆகியும் கார் முடிவுக் கோட்டைத் தாண்டவில்லை.

"இப்பவும் லேட்டாத்தான் திரும்புதுக்கா. சத்தியமா."

"மறுபடியும் டிவியா?" என்றார் மாமா. "கையாலாகலைன்னு ஒத்துக்கோயேன்டா."

தம்பியின் முகம் சுண்டிப் போனது. கவரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான்.

மறுநாள் எட்டு மணிக்கே சட்டைக்கு இஸ்திரி போட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினான். தெருமுனையில் திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே, ஆபீசுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று மாமா கண்ட்ரோலரைக் கையில் எடுத்திருந்தார். "ஒரு காரைத் திருப்பத் துப்பில்ல, டிவியைக் குத்தம் சொல்றான். எப்படி ஓட்டணும்னு நான் காட்டறேன் பாரு."

முதல் வளைவில் சுவர். அடுத்த வளைவில் மரம்.

"என்னம்மா இது? அழுத்தினா, அப்புறமாத்தான் திரும்புது?"

அக்கா ரிமோட்டை எடுத்தாள்.

"இருங்க, நேத்து நான் ஆஃப் பண்ணி வெச்ச கேம் மோடைப் போட்டுத் தர்றேன்."