வர்றேன்னு சொன்னது

வெளியூர் போகிறவர்களின் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிக்கொள்கிறேன். எனக்கு வேறு வீடு இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பது நாய்தான். நாயின் பேச்சை நமக்குச் சொல்லும் கழுத்துப்பட்டையே விண்ணப்பத்தை அதற்கு வாசித்துக் காட்டும். அதனால் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக எழுதுவேன். ‘இடி இடித்தால் கட்டிலுக்கடியில் நானும் வந்து படுத்துக்கொள்வேன்’ என்று குல்ஃபிக்கு எழுதினேன். அப்படியே படுக்கவும் செய்தேன்.

இன்று காலை வீட்டுக்காரர்கள் திரும்பியதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாலை வகுப்புக்குள் நுழையும்போது குல்ஃபி வீட்டு ரேணுகா மேடம் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா வினோதா, குல்ஃபிகிட்ட என்ன சொல்லிட்டுப் போன? சோறு திங்காம வாசல் கேட் பக்கத்துலயே கெடக்கு. ‘வர்றேன்னு சொன்னா’ங்குது.”

“போயிட்டு வர்றேன்னு சொன்னேன் மேடம். போறேன்னு யாராச்சும் சொல்வாங்களா?”

“அது நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா? வரமாட்டேன்னு நீயே சொல்லித் தொலை.”

கழுத்துப்பட்டைப் பக்கம் போனைக் கொண்டுபோனார்.

“எப்ப வர்ற?” என்றது குல்ஃபி.

“வரமாட்டேன்டா.”

வகுப்பு முடிந்து போனில் பார்த்தபோது, என் பெயருக்குக் கீழே அதன் மதிப்புரை வந்திருந்தது: ‘நல்லவ. பொய் சொல்லுவா.’

இன்றிரவு நான் போக வேண்டிய வீட்டின் நாய் அதைக் கேட்டுவிட்டு வேறொருத்தியைத் தேர்ந்துகொண்டதாம். அதற்கு எழுதிய விண்ணப்பத்தைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி படிக்கிறேன். ஒரு பொய்கூட இல்லை.